தனியாகச் செய்வேன்

ஜூன் 17, திங்கள்

மதியம் முழுவதும் ஒரு வினைச்சொல்லோடு மல்லுக்கட்டினோம், நானும் கேப்டனும்.

அவள் துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகிறது. மற்றவர்கள் முன்னால் "மேடம்" என்கிறேன். கதவைச் சாத்தினால் பழைய கேப்டன்தான். நாங்கள் இயன்முறை மருத்துவம் படித்த காலத்தில் விடுதி எறிபந்து அணிக்கு அவள் கேப்டன், நான் பந்து பொறுக்கிப் போடுகிறவள். ஒரே அறை, ஒரே வாளி, ஒரே சோப்பு.

இறுதியாண்டுக்கான கற்றல் விளைவுகளைத் திருத்தி எழுத வேண்டும். படித்து முடித்து வெளியே போகிறவருக்கு என்னென்ன செய்ய வரும் என்று வரிவரியாகச் சொல்வது. பழைய பாடத்திட்டத்தில் எல்லா வரியும் "அறிவைப் பெறுவார்" என்றே முடிகிறது. "அறிவு வந்துடுச்சுன்னு எப்படிடி கண்டுபிடிப்ப? காதுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாப்பியா?" என்றாள். சிரித்ததில் எனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது.

கடைசியில் இப்படி வந்தது: "ஒரு பக்கம் செயலிழந்த நோயாளியை, அவர் விழாமல், படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவார்." மாற்றுவார். இதைக் கண்ணால் பார்க்கலாம். இப்படி ஒவ்வொரு வரிக்கும் எதிரே மாணவர்களே தங்களை மதிப்பிட்டுக்கொள்ள மூன்று பதில்கள் வைத்தோம். தனியாகச் செய்வேன். ஒருவர் உடனிருந்தால் செய்வேன். இன்னும் வராது.

மூன்றாவதை "முயன்று வருகிறேன்" என்று கொஞ்சம் பதமாக வைக்கலாமே என்றாள். நான் விடவில்லை. வராது என்று சொல்லவும் பிள்ளைகளுக்கு ஒரு இடம் வேண்டும். இத்தனை வருஷத்தில் எந்த மாணவரும் என்னிடம் வாய்விட்டு அதைச் சொன்னதில்லை. தலையாட்டுவார்கள். வார்டில் போய்த் திணறுவார்கள்.

ஜூன் 21, வெள்ளி

இறுதியாண்டு வகுப்புக்குக் கேப்டனும் கூட வந்தாள். தாள்களைக் கொடுப்பதற்கு முன் அவளே பேசினாள். "இது மார்க்குக்கு இல்ல. நானும் மேடமும் தவிர வேற யாரும் பாக்க மாட்டாங்க. உள்ளத உள்ளபடி எழுதுங்க."

கடைசி பெஞ்சில் ஒரு பெண். வகுப்பில் எல்லோரும் மௌனி என்று கூப்பிடுவார்கள். மூன்று வருஷத்தில் அவளாக எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. இன்று எழுந்தாள். "இத வெச்சு எங்கள எடை போட மாட்டீங்கல்ல மேடம்?"

கேள்வி என்னைப் பார்த்துத்தான். "மாட்டோம். அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

உட்கார்ந்தாள். எழுத ஆரம்பித்தாள்.

ஜூன் 26, புதன்

தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். சாப்பிடக்கூட எழவில்லை. என்ன பிள்ளைகள்!

"மூட்டை அசைக்கும்போது நோயாளி கத்தினால் நான் உடனே நிறுத்திவிடுகிறேன். வலிக்குப் பயப்படுவது அவர் இல்லை, நான்." இப்படி ஒருத்தி.

மௌனி எழுதியது: "நாற்காலிக்கு மாற்றும்போது நோயாளியின் முழு எடையும் என் மேல் வரும் அந்த ஒரு கணத்தில் கை நடுங்குகிறது. செய்துவிடுவேன். ஆனால் ஒருவர் உடனிருக்க வேண்டும்." வகுப்பில் நன்றாகச் செய்கிறவள் அவள்தான். நன்றாகச் செய்கிறவளுக்குத்தான் அந்த ஒரு கணம் தெரிகிறது.

ஹீரோவின் தாளைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. முடியைக் கோதிக்கொண்டே இருக்கும் பையன், அதனால் அந்தப் பெயர். எல்லா வரியிலும் "தனியாகச் செய்வேன்". ஏன் என்று எழுதும் இடத்தில் "தன்னம்பிக்கை". கூப்பிட்டுக் கேட்டேன். "எங்க அண்ணன் சொன்னான் மேடம், எந்தத் தாள்லயும் நம்ம குறைய நம்ம கையால எழுதக் கூடாதுன்னு." கெட்டிக்கார அண்ணன். ஹீரோவை இந்தப் பருவம் முழுக்கப் பக்கத்தில் வைத்து வேலை வாங்க வேண்டும். மாற்றும்போது நோயாளியின் பலவீனமான முழங்காலுக்குத் தன் முழங்காலால் முட்டுக்கொடுக்க மறந்துவிடுகிறான். எப்போதும்.

இன்று மாலை இன்னொன்றும் நடந்தது. "பிள்ளைங்கள மட்டும் எழுதச் சொன்னா நியாயமா? நாமளும் எழுதுவோம்" என்றாள் கேப்டன். அவள் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதினோம். நான் இப்படி எழுதினேன்: "நோயாளியைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது. தூக்கி மாற்றும் பாடத்தை நினைவிலிருந்துதான் நடத்துகிறேன். வாரம் ஒரு நாளாவது வார்டுக்குப் போக வேண்டும்." அவள் தன்னுடையதை உரக்கப் படித்தாள். "புள்ளியியல் எனக்கு இன்னும் வராது. போன வருஷ ஸ்லைட வெச்சு ஒப்பேத்துறேன்." இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டு தாளையும் அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

வீடு வரும் வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு சிநேகிதி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஜூலை 9, செவ்வாய்

வகுப்பே மாறிவிட்டது. யாருக்கு எது வராதோ அதையே எடுத்துக்கொண்டு போகிறோம். இன்று செய்முறை அறைக் கட்டிலில் நான் நோயாளி. வகுப்பு முழுக்க என்னைத் தூக்கிப் பார்த்தது. இடுப்பு போச்சு. பரம சந்தோஷம்.

ஜூலை 18, வியாழன்

மௌனி என்னை மாற்றினாள். கை நடுங்கியது, ஆனால் பிடி தளரவில்லை. முடித்ததும் "எழுதினதுக்கப்புறம் பயம் கொஞ்சம் குறஞ்சிருக்கு மேடம்" என்றாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து பட்டியல் வந்துவிட்டது. வகுப்போடு சேர்ந்தே நடக்கும் பயிற்சிப் பணிக்கு இந்த வருஷம் அங்கே பாதிப் பேரைத்தான் எடுப்பார்கள் என்று முன்பே தெரியும். மார்க்கை வைத்து எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எப்போதும் அப்படித்தான்.

மௌனி பெயர் இல்லை. வலிக்குப் பயப்படுகிறேன் என்று எழுதியவள் பெயரும் இல்லை. ஹீரோ பெயர் முதலில். "தனியாகச் செய்வேன்" என்று அதிகம் எழுதியவர்கள் மேலிருந்து கீழாக... வரிசையே அப்படித்தான். அறிவிப்புப் பலகை முன்னால் நின்று மூன்று முறை படித்தேன். நாலாவது முறைக்குக் கண் மங்கிவிட்டது.

பிள்ளைகள் என் அறைக்கு வந்துவிட்டார்கள். "நீங்கதானே மேடம் சொன்னீங்க?" "யாரும் பாக்க மாட்டாங்கன்னீங்க?" "உள்ளத எழுதச் சொல்லி எங்க கழுத்த அறுத்துட்டீங்களே!" எனக்கே இப்போதுதான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? பொறுப்பு என்று சொன்னது நான்.

மௌனி கத்தவில்லை. எல்லோரும் போனபிறகு வாசலில் நின்றாள்.

"பொய் எழுதியிருந்தா போயிருப்பேன், இல்ல மேடம்?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

கேப்டன் ஊரில் இல்லை. போனை எடுக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் யாரோ எடுத்திருப்பார்கள். அலுவலகத்தில் யாராவது. அவளாக இருக்காது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அவள்தான்.

"ஆமா, குடுத்தேன். ஆஸ்பத்திரில கேட்டாங்க" என்றாள் ஊரிலிருந்து திரும்பியவள், ஏதோ பஞ்சிங் மெஷினை இரவல் கொடுத்ததுபோல.

"பிள்ளைங்க கிட்ட என்ன சொன்னோம்?"

"சொன்னோம்டி. இல்லங்கல. ஆனா தர மதிப்பீட்டுக் குழு வருது நவம்பர்ல. தன்மதிப்பீட்ட எதுக்குப் பயன்படுத்தினீங்கன்னு கேட்டா, பீரோவுல வெச்சிருக்கோம்னு சொல்றதா? நான் ஒரு எழுத்தையும் மாத்தல. அவங்க எழுதினது அவங்க கையெழுத்துலயே இருக்கு."

"அந்தப் பையன் தனியா ஒருத்தரத் தூக்கக் கூடாது. முழங்காலுக்கு முட்டுக்கொடுக்க மாட்டான். கூட ஆள் வேணும்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லு."

"அவனே தனியாச் செய்வேன்னு எழுதிருக்கான்ல? நாம போயி மாத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

எழுந்துவிட்டேன். "டீ குடிச்சிட்டுப் போ" என்றாள். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 14, புதன்

இன்று வகுப்பில் யாரும் கேள்வி கேட்கவில்லை. தலையாட்டினார்கள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டே கேட்டார், "நாலு நாளா யாருகிட்ட பேசிக்கிட்டிருக்க, சுவர்கிட்டயா?" சொன்னேன். மனிதர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர், எதையும் இரண்டு முறை படிப்பவர். "உன் தாளும் அவங்ககிட்டதானே இருக்கு?" என்றார்.

"என்னோடத அவ என்ன பண்ணப் போறா? சும்மா இருங்க."

அடுத்த சட்டையை எடுத்து மடித்தார். ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து ஹீரோவைப் பற்றிச் சொன்னேன். "துறைத்தலைவர் கையெழுத்தோட கடிதம் குடுங்க மேடம்" என்றார்கள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

கடிதம் எழுதிக் கேப்டன் மேசையில் வைத்தேன். "பாக்கலாம்" என்றாள்.

செப்டம்பர் 5, வியாழன்

ஹீரோ போன் செய்தான். முதலில் யாரென்றே தெரியவில்லை. தேம்பல் மட்டும்தான் கேட்டது.

பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்த ஒருவர், பேருந்து ஓட்டுநர். தனியாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றியிருக்கிறான். நிறுத்தியதும் இடது முழங்கால் மடிந்துவிட்டது. விழும்போது அவர் வலது கையை ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவருக்கு வேலை செய்த ஒரே கை.

"கூட யாரையாவது கூப்பிட்டிருக்கலாமேடா."

"கேட்டேன் மேடம்! 'நீதான் தனியாச் செய்வேன்னு எழுதிருக்கியே'ன்னாங்க. அதுக்கு மேல வராதுன்னு எப்படி மேடம் சொல்றது?"

அந்தக் கடிதம். இரண்டு வாரமாக அவள் மேசையில் கிடக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓட்டுநருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் மாவுக்கட்டு. இன்னார் என்று சொல்லிக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால் ஒரு பக்கம் கோணிய வாயோடு சிரிக்கிறார். "முப்பது வருஷம் ஒரு வண்டியக்கூட கவுத்ததில்லம்மா. என்னக் கவுத்துட்டாங்க."

அவர் மனைவி சிரிக்கவில்லை. "இனி சோறுகூட நான்தான் ஊட்டணும்" என்றார்.

செப்டம்பர் 11, புதன்

விசாரணை. முதல்வர், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மருத்துவர், கேப்டன், நான்.

"தூக்கி மாற்றுற பாடம் நடத்தினது யாரு?" என்று முதல்வர் கேட்டார். நான்தான் என்றேன். கடிதத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "அப்படி எந்தக் கடிதமும் எனக்கு வரல" என்றாள் கேப்டன். என்னைப் பார்க்கவில்லை. பிறகு கோப்பைத் திறந்தாள். என் கையெழுத்து. தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது.

படித்தாள். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. "நோயாளியைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது. தூக்கி மாற்றும் பாடத்தை நினைவிலிருந்துதான் நடத்துகிறேன்." அங்கே நிறுத்திக்கொண்டாள். வாரம் ஒரு நாள் வார்டுக்குப் போக வேண்டும் என்ற கடைசி வரியைப் படிக்கவில்லை.

மருத்துவர் தலையை ஆட்டினார். "இவங்களே ஒத்துக்கிட்டிருக்காங்களே."

"மேடம் தன்னுடையதையும் படிக்கட்டும் சார்" என்றேன். முதல்வர் புரட்டி எடுத்தார். தட்டச்சு செய்த தாள். வரிக்கு வரி, தனியாகச் செய்வேன். புள்ளியியல் உட்பட.

என் முன்னால் உட்கார்ந்து எழுதியதை எப்போது கிழித்தாள்? அன்றைக்கேவா? நான் படி இறங்குவதற்கு முன்பேவா?

செப்டம்பர் 12, வியாழன்

வேலைக்குப் போகவில்லை.

எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு? எனக்குக் காய்ச்சல்னா ராத்திரி முழுக்க உக்காந்து நெத்தியில துணி போட்டவ நீ. உன் கல்யாணத்துக்கு உன் பெட்டிய நான் தூக்கிட்டு வந்தேன். பாவி. கண்ண மூடிக்கிட்டு நம்பினேனே... சிரிச்சோமே, ரெண்டு பேரும் சேர்ந்துதானே சிரிச்சோம்? அந்தச் சிரிப்பும் பொய்யா? இல்ல, அது நெஜமா இருந்து, அப்புறமா புத்தி மாறுச்சா? எது மோசம்? ரெண்டாவதுதான். ரெண்டாவதுதான் மோசம்.

ஆறு வருஷம்னு எழுதினது தப்பா? உண்மைதானே. உண்மையத்தானே எழுதினேன். அதான் தப்பா?

இவர் டீயை வைத்துவிட்டுப் போனார். "நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. அதற்காகவே இன்னும் கொஞ்சம் அழுதேன்.

செப்டம்பர் 19, வியாழன்

முடிவு வந்துவிட்டது. இறுதியாண்டும் செய்முறையும் எனக்கு இனி இல்லை. முதலாண்டுக்கு எலும்பும் தசையும் எழுத்துப் பாடமாக நடத்தலாம். ஹீரோவின் பயிற்சிப் பணி நிறுத்தம், ஜனவரியில் முதலிலிருந்து. ஓட்டுநரின் சிகிச்சைச் செலவை ஆஸ்பத்திரி ஏற்றுக்கொள்கிறது. கேப்டன் பெயர் எங்கேயும் இல்லை.

சாயங்காலம் என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள், பழையபடி. "உனக்காக எவ்வளவு பேசினேன் தெரியுமா? இல்லாட்டி வேலையே போயிருக்கும்."

"கடிதத்த என்ன பண்ணீங்க?"

அவள் அந்தக் கேள்விக்குத் திகைக்கவில்லை. "பண்ணீங்க"வுக்குத்தான் திகைத்தாள். "துறை மொத்தமும் மூழ்கக் கூடாதுன்னு பாத்தேன். நீ என் எடத்துல இருந்தா புரியும்" என்றாள்.

இருந்திருந்தால்? யோசித்துப் பார்த்தேன். பயந்திருப்பேன். மேசை இழுப்பறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் அவள் தாளை எடுத்துப் படித்திருக்க மாட்டேன். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அக்டோபர் 3, வியாழன்

ஆஸ்பத்திரி பிசியோ பிரிவுக்குப் போய், கல்லூரிக்கு முன்னால் காலையில் இரண்டு மணி நேரம் வேலை செய்யட்டுமா என்று கேட்டேன். சம்பளம் வேண்டாம் என்றேன். அங்கே பொறுப்பில் இருப்பவள் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். விசாரணை விஷயம் தெரிந்திருக்கும். "மொதல்ல எங்கூட நில்லுங்க மேடம், அப்புறம் பாக்கலாம்" என்றாள். நியாயம்தான்.

ஓட்டுநரின் வார்டும் அந்தப் பிரிவின் பொறுப்பில்தான்.

அக்டோபர் 9, புதன்

முதுகு வலி. கை மறக்கவில்லை. கொஞ்சம் மறந்திருக்கிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

மாலை பேருந்து நிறுத்தத்தில் மௌனி. ஆகஸ்டுக்குப் பிறகு தாழ்வாரத்தில் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். இன்று ஒதுங்க இடமில்லை, நல்ல மழை. ஒரே கூரை.

"ஒரு கிளினிக்ல சேந்துட்டேன் மேடம். பயிற்சிப் பணி அங்கேயே."

"ரொம்ப சந்தோஷம்மா. நேர்முகத் தேர்வுல என்ன கேட்டாங்க?"

"என்னென்ன செய்ய வரும்னு கேட்டாங்க. எல்லாம் தனியாச் செய்வேன்னேன். உடனே எடுத்துக்கிட்டாங்க."

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். "இப்ப கை நடுங்கறதில்லையா?"

"நடுங்குது" என்றாள். "சொல்றதில்ல."

அவளுடைய பேருந்து வந்துவிட்டது. ஏறும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

ஒரு மருத்துவரையும் முதல்வரையும் வைத்துக்கொண்டு கேப்டன் எனக்குச் செய்ததைக் காலப்போக்கில் மறந்தாலும் மறந்துவிடுவேன் போலிருக்கிறது. இந்தப் பெண்ணுக்குச் செய்ததை முடியாது. அதில் என் குரலும் இருக்கிறது. பொறுப்பு என்று சொன்ன குரல்.

நவம்பர் 15, வெள்ளி

தர மதிப்பீட்டுக் குழு வந்து போயிற்று. மேடையில் கேப்டன் பேசினாள். இரண்டாவது பருவத்துக்கு இறுதியாண்டு எழுதிய தன்மதிப்பீட்டைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். மொத்த வகுப்பும் தனியாகச் செய்வேன். உடனிருந்தால் என்று ஒருவர் இல்லை. வராது என்று ஒருவர் இல்லை. ஒரே பருவத்தில் இப்படி ஒரு முன்னேற்றமா என்று குழுத் தலைவர் கை தட்டினார். மண்டபமே தட்டியது. பிள்ளைகளும் தட்டினார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை.

நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 27, புதன்

இன்று ஓட்டுநர் நடந்தார். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை.

அவர் இடுப்பில் பட்டை. ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன், இன்னொரு பக்கம் ஹீரோ. அவனை யாரும் வரச் சொல்லவில்லை; மூன்று வாரமாக அவனாக வருகிறான். முதல் நாள் ஓட்டுநரின் மனைவி அவனைக் கிட்டவே சேர்க்கவில்லை. இப்போதும் பேசுவதில்லை. ஆனால் அவன் வந்தால் எழுந்து இடம் விடுகிறார். முழங்காலுக்குச் சரியாக முட்டுக்கொடுத்தான். சொல்லாமலே.

பாதி தூரத்தில் என் போன் அடித்தது. மேசைமேல் கிடந்து, திரையில் கேப்டன் பெயர் மின்ன, அடித்துக்கொண்டே இருந்தது. துறைக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்துவிட்டதாம். துறையில் எல்லோருக்கும் விருந்து என்று காலையிலேயே குறுஞ்செய்தி வந்திருந்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"எடுக்கலையாம்மா? யாரு?" என்றார் ஓட்டுநர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"தெரிஞ்சவங்கதான்" என்றேன். "நீங்க இடது கால முன்னால வைங்க."